விஎம்வேரா, ப்ராக்ஸ்மாக்ஸா, ஹைப்பர்-வியா? சிறு அலுவலக சர்வர்களுக்கான அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்குப் பகுதியில் மில், மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று சின்ன அலுவலகங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரே சர்வரைப் பல கணினிகளாகப் பிரித்து ஓட்டும் மென்பொருளை விற்கும் விஎம்வேர், 2023 கடைசியில் பிராட்காம் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனதிலிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: "இருப்பதிலேயே இருக்கட்டுமா, கட்டற்ற மென்பொருளுக்கு மாறட்டுமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். ஒன்றிரண்டு சர்வரிலிருந்து பத்துப் பன்னிரண்டு சர்வர் வரை வைத்திருப்பவர்களுக்கானது இது. வங்கி, தொலைபேசி நிறுவனம் அளவுக்குப் பெரிய இடங்களின் கணக்கே வேறு.

மெய்நிகராக்கம் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஒரு பெரிய வீட்டைத் தடுத்து நாலு போர்ஷனாக்கி வாடகைக்கு விடுகிறோம் இல்லையா, அது மாதிரி. ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி வாசல், தனி சமையலறை, தனி மீட்டர். அஸ்திவாரமும் கிணறும் மட்டும் பொது. ஒரே சர்வரின் செயலியையும் நினைவகத்தையும் வட்டையும் இப்படிப் பங்கு பிரித்து, ஒவ்வொரு பங்கையும் தனிக் கணினிபோல நடக்க வைப்பதுதான் மெய்நிகராக்கம். ஒவ்வொரு பங்கும் ஒரு விஎம். தடுப்புச் சுவர் எழுப்பி, யாரும் யார் இடத்துக்குள்ளும் போகாமல் பார்த்துக்கொள்ளும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்.

இது பழைய யோசனை. ஐபிஎம் தன் மெயின்பிரேம்களுக்கு விஎம்/370-ஐ 1972-லேயே கொண்டுவந்துவிட்டது. நம் மேசையில் இருக்கும் இன்டெல் வகைக் கணினிக்கு அதைக் கொண்டுவந்து விற்றுக் காட்டியது 1998-ல் தொடங்கிய விஎம்வேர். அப்போதைய செயலிகள் இதற்கு ஒத்துவராதவை. அதனால் சில கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தார்கள். அது பெரிய பொறியியல் சாதனை. 2005, 2006-ல் இன்டெலும் ஏஎம்டியும் அந்த வசதியைச் செயலிக்குள்ளேயே வைத்துவிட்டன. அதற்குப் பிறகு மற்றவர்களுக்கும் நல்ல ஹைப்பர்வைசர் எழுதுவது எளிதாயிற்று.

திறந்த மூலம் என்றால் இலவசம், வணிக மென்பொருள் என்றால் காசு. இவ்வளவுதானே?

இந்தக் குழப்பத்தில்தான் நிறைய பேர் தப்பான முடிவெடுக்கிறார்கள். திறந்த மூலம் என்றால் மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்றுதான் பொருள்; விலை வேறு விஷயம்.

மேசைக் கணினியில் விஎம் ஓட்டும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோ 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம், அலுவலகப் பயன்பாட்டுக்கும் சேர்த்து. ஆனால் அதன் மூலநிரல் மூடித்தான் இருக்கிறது. அதே வேலையைச் செய்யும் ஆரக்கிளின் விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைப் பகுதி ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வரும் திறந்த மூல மென்பொருள். ஆனால் அதோடு தனியாக இறக்கிக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் பேக் வேறு உரிமத்தில் இருக்கிறது: வீட்டுக்கும் படிப்புக்கும் இலவசம், அலுவலகத்தில் பயன்படுத்தினால் ஆரக்கிளிடம் காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டும். இது தெரியாமல் அலுவலகக் கணினி எல்லாவற்றிலும் அதைப் போட்டு வைத்திருப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். உங்கள் அலுவலகத்தில் இருந்தால் இன்றே பாருங்கள்.

சர்வர்களில் விஎம்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸை எடுத்துக்கொண்டால், ஆஸ்திரியாவின் வியன்னாவில் இருக்கும் ஒரு நிறுவனம் அதை எழுதி, ஆதரவுச் சந்தாவை விற்றுப் பிழைக்கிறது. முழுக்க முழுக்க வணிகம்தான். நிரல் மட்டும் ஏஜிபிஎல் உரிமத்தில் திறந்து கிடக்கிறது.

அதனால் நான் இரண்டு கேள்வியாகப் பிரித்துக் கேட்கச் சொல்வேன். ஒன்று, ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும். இன்னொன்று, விற்பவர் நாளைக்கு மனது மாறினால் என் கையில் என்ன மிஞ்சும். இரண்டாவதை யாரும் கேட்பதில்லை. 2023-க்குப் பிறகு தூக்கம் கெட்டவர்கள் எல்லோரும் அதைக் கேட்காமல் விட்டவர்கள்தான். முன்பு நானும் அதைக் கேட்கச் சொல்லி அழுத்தியதில்லை.

விஎம்வேரில் அப்படி என்னதான் நடந்தது?

2023 நவம்பர் 22 அன்று பிராட்காம் வாங்கி முடித்தது. அடுத்த மாதமே, ஒரு தடவை காசு கட்டிக் காலத்துக்கும் வைத்துக்கொள்ளும் நிரந்தர உரிமத்தின் விற்பனையை நிறுத்தினார்கள். இனி சந்தா மட்டும்தான். 2024 பிப்ரவரியில், விஎம்வேரின் சர்வர் ஹைப்பர்வைசரான ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பு போனது. 2025 ஏப்ரலில் அதைத் திரும்பக் கொடுத்தார்கள், ஆனால் நடுவில் போன நம்பிக்கை திரும்பவில்லை. மூன்று சர்வர் வரைக்குமான எசென்ஷியல்ஸ் தொகுப்பு சின்ன அலுவலகங்களுக்கென்றே இருந்தது. நான் போட்டுக் கொடுத்ததில் முக்கால்வாசி அதுதான். இப்போது அது கிடையாது.

கணக்கைப் பாருங்கள். புதிய சந்தா கோர் (செயலிக்குள் இருக்கும் தனித்தனிக் கணிப்பு அலகு) எண்ணிக்கைக்கு. ஒரு செயலிக்குக் குறைந்தது 16 கோருக்குக் காசு கட்ட வேண்டும். உங்கள் சர்வரில் 8 கோர் செயலிகள் இரண்டு இருந்தால், உண்மையில் இருப்பது 16 கோர், கட்ட வேண்டியது 32 கோருக்கு. நம் ஊர் அலுவலகங்களில் அந்த மாதிரி சர்வர்தான் அதிகம்.

பெரியவர்களும் இதில் தப்பவில்லை. அமெரிக்காவின் ஏடி அண்டு டி 2024-ல் பிராட்காம் மீது வழக்கே போட்டது. அந்த ஆண்டுக்குள் சமரசம் ஆயிற்று. அவர்களுக்கு வக்கீல் பட்டாளம் இருக்கிறது. ஐந்து லட்சத்துக்கு சர்வர் வாங்கிய மில்லுக்கு யார் இருக்கிறார்கள்?

கேவிஎம் என்கிறார்கள், ப்ராக்ஸ்மாக்ஸ் என்கிறார்கள், க்யூஎமு என்கிறார்கள். எது எது?

இதைப் புரிந்துகொண்டால் பாதித் தெளிவு வந்துவிடும், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கேவிஎம் என்பது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இருக்கும் ஒரு பகுதி. இஸ்ரேலில் கும்ரானெட் என்ற சின்ன நிறுவனத்தில் அவி கிவிட்டி தொடங்கியது. 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20-ல் சேர்ந்தது. அடுத்த ஆண்டு ரெட் ஹாட் அந்த நிறுவனத்தை 10.7 கோடி டாலருக்கு வாங்கியது. செயலியையும் நினைவகத்தையும் பங்குபோடும் வேலை கேவிஎம்முடையது.

விஎம்முக்கு வட்டு, நெட்வொர்க் கார்டு, திரை எல்லாம் இருப்பதுபோலக் காட்ட வேண்டுமே, அது க்யூஎமுவின் வேலை. ஃபேப்ரிஸ் பெலார்ட் 2003-ல் வெளியிட்டது.

இந்த இரண்டையும் டெபியன் லினக்ஸ் மேல் வைத்து, உலாவியில் திறந்து வேலை பார்க்கும் மேலாண்மைத் திரை, பல சர்வர்களை ஒன்றாக இணைக்கும் கிளஸ்டர், பேக்கப் எல்லாம் சேர்த்துத் தருவது ப்ராக்ஸ்மாக்ஸ். 2008-ல் முதல் பதிப்பு வந்தது.

இங்கே முக்கியமான விஷயம்: நியூட்டானிக்ஸ் என்ற நிறுவனம் விற்கும் ஏஹெச்வி என்ற ஹைப்பர்வைசர் கேவிஎம்மை அடிப்படையாகக் கொண்டது. கூகுள் கிளவுடும் கேவிஎம் மேல்தான் ஓடுகிறது. அமேசான் 2006-ல் ஸென் என்ற இன்னொரு திறந்த மூல ஹைப்பர்வைசரில் தொடங்கி, 2017-ல் கேவிஎம்மைத் தழுவித் தானே செய்த நைட்ரோவுக்கு வந்தது. "திறந்த மூலமா, அதை நம்பி மில் கணக்கை வைக்கலாமா?" என்று கேட்கும் முதலாளியிடம் நான் இதைத்தான் சொல்வது வழக்கம். உங்கள் மகன் அமெரிக்காவில் இருந்து படம் அனுப்பும்போது அது கடந்து வரும் சர்வர்களில் சிலவற்றுக்கு அடியில் இந்த நிரல் இருக்கக்கூடும்.

வேகத்தில் வித்தியாசம் தெரியுமா?

அலுவலக வேலைக்குத் தெரியாது. வேகம் குறைவாக இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்ட இடங்களில் எல்லாம் காரணம் ஹைப்பர்வைசருக்கு வெளியே இருந்தது: பழைய சுழல் வட்டு, போதாத நினைவகம், அல்லது விண்டோஸ் விஎம்முக்குள் விர்ட்-ஐஓ டிரைவர் (கேவிஎம்மின் மெய்நிகர் வட்டையும் நெட்வொர்க்கையும் வேகமாக ஓட்ட உதவுவது) போடாமல் விட்டது.

அப்படியென்றால் விஎம்வேருக்குக் காசு கொடுப்பது வீணா?

இல்லை. அதை வீண் என்று சொல்பவர்கள் அதை முழுசாகப் பயன்படுத்திப் பார்க்காதவர்கள்.

விஎம்வேரின் மேலாண்மைத் திரையான விசென்டரில் உட்கார்ந்து ஐம்பது சர்வரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். சுமை ஏறிய சர்வரிலிருந்து விஎம்களைத் தானாகவே அடுத்த சர்வருக்கு நகர்த்தும் டிஆர்எஸ் பல ஆண்டு அடிபட்டு முதிர்ந்தது. ப்ராக்ஸ்மாக்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் விஎம்மை நிறுத்தாமல் நகர்த்த முடியும்; ஆனால் எப்போது, எங்கே என்று முடிவெடுக்கும் பக்குவத்தில் டிஆர்எஸ் இன்னும் ஒரு படி மேலேதான்.

அப்புறம், தனி ஸ்டோரேஜ் பெட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க. ஒரே பெட்டியைப் பல சர்வர்கள் பகிர்ந்துகொள்ள விஎம்வேருக்கு விஎம்எஃப்எஸ் என்ற கோப்பு முறை உண்டு. ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேர நிலையைப் பிடித்து வைப்பது) எல்லாம் பிசகாமல் வேலை செய்யும். ப்ராக்ஸ்மாக்ஸில் அதே பெட்டியை எல்விஎம் என்ற லினக்ஸ் வட்டு மேலாண்மை முறையில் பகிர்ந்தால் ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாமல் இருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த 9.0 பதிப்பில்தான் அதற்கு ஒரு வழி கொடுத்தார்கள், அதுவும் முன்னோட்டமாக. பெரிய காசு போட்டு ஸ்டோரேஜ் வாங்கியவர்கள் மாறுவதற்கு முன் இதை முதலில் சோதித்துப் பாருங்கள்.

மூன்றாவது, சான்றிதழ். சில பெரிய ஈஆர்பி (நிறுவன மேலாண்மை), மருத்துவமனை மென்பொருள்கள் "இன்ன ஹைப்பர்வைசரில் ஓடினால்தான் ஆதரவு தருவோம்" என்று பட்டியல் வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் விஎம்வேர் கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும், ப்ராக்ஸ்மாக்ஸ் பல நேரம் இருக்காது. மென்பொருள் விற்றவரிடம் எழுத்தில் பதில் வாங்கிவிட்டு அப்புறம் முடிவெடுங்கள். வாய்வார்த்தை உதவாது.

மைக்ரோசாஃப்ட்டின் ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி விண்டோஸோடு சும்மா வருகிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

வைத்துக்கொள்ளலாம். ஓட்டப்போவது எல்லாம் விண்டோஸ் விஎம், பார்த்துக்கொள்பவருக்கும் விண்டோஸ்தான் கைவரும் என்றால் நானே அதைத்தான் சொல்வேன். விண்டோஸ் சர்வர் 2008 காலத்திலிருந்து இருக்கும் சாதனம், நம்பலாம். தனியாக இலவசமாகக் கிடைத்த ஹைப்பர்-வி சர்வர் மட்டும் 2019 பதிப்போடு நின்றுவிட்டது. அதைப் புதிதாகப் போடாதீர்கள்.

ஹைப்பர்வைசர் இலவசமாகிவிட்டால் விண்டோஸ் உரிமச் செலவும் மிச்சமா?

மிச்சம் இல்லை! இது தெரியாமல் நாலு விஎம்மில் ஒரே சாவியைப் போட்டு வைத்திருப்பார்கள்.

அடியில் எந்த ஹைப்பர்வைசர் இருந்தாலும் மைக்ரோசாஃப்ட்டின் விதி ஒன்றுதான். சர்வரில் உள்ள எல்லா கோருக்கும் உரிமம் வேண்டும், ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். அப்படி ஒரு முறை ஸ்டாண்டர்டு வாங்கினால் இரண்டு விண்டோஸ் விஎம் ஓட்டலாம். நாலு ஓட்ட வேண்டுமா, அதே கோர்களுக்கு இன்னொரு முறை வாங்க வேண்டும். டேட்டாசென்டர் பதிப்பு வாங்கினால் எத்தனை வேண்டுமானாலும் ஓட்டலாம், விலையும் அதற்கேற்ப இருக்கும். இரண்டு சர்வர் வைத்து, ஒன்று விழுந்தால் விஎம் மற்றதுக்குப் போகும்படி செய்திருந்தால், போய்ச் சேரும் சர்வருக்கும் உரிமம் இருக்க வேண்டும். பயனர்களுக்கான கேல் (சர்வரை அணுகும் உரிமம்) தனி.

ஆரக்கிள் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். விஎம்முக்கு நாலு கோர்தான் கொடுத்தேன் என்று நீங்கள் சொன்னாலும், சர்வரின் மொத்தக் கோருக்கும் உரிமம் கேட்பது அவர்கள் கொள்கை.

விஎம்வேரிலிருந்து ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறுவது கஷ்டமா?

2024-ல் ப்ராக்ஸ்மாக்ஸ் ஒரு இறக்குமதி வசதியைக் கொண்டுவந்தது. ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வரின் முகவரியையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் அங்கிருக்கும் விஎம்களின் பட்டியல் திரையில் வந்துவிடும், தேர்ந்தெடுத்து இழுத்துக்கொள்ளலாம். லினக்ஸ் விஎம்கள் பெரும்பாலும் நெட்வொர்க் கார்டின் பெயர் மாறுவதைத் தவிர வேறு தொல்லை தருவதில்லை.

விண்டோஸ்தான் படுத்தும். நான் முதன்முதலாக மாற்றிய இடம் ஒரு நூற்பாலை. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கணக்கு சர்வரை நிறுத்தினேன். விண்டோஸ் சர்வர் 2016, 400 ஜிபி வட்டு. நகல் முடிய பதினொன்றரை ஆயிற்று. வேகமாக இருக்கட்டும் என்று வட்டை விர்ட்-ஐஓ ஸ்கஸி என்ற வேகமான இணைப்பு வகையில் மாட்டி இயக்கினேன். விண்டோஸ் சின்னம் வந்தது, புள்ளிகள் நாலு சுற்று சுற்றின, நீலத் திரை: துவக்க வட்டை அணுக முடியவில்லை. திரும்பத் திரும்ப அதேதான். கணக்குப் பிள்ளை பக்கத்து நாற்காலியில் டீயோடு உட்கார்ந்திருந்தார். "தம்பி, திங்கக்கிழமை காலையில பஞ்சு வண்டி வருது, பில் போட்டாகணும்" என்று ஒரு தடவைதான் சொன்னார். அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

காரணம் எளிது. அந்த விண்டோஸுக்குள் விர்ட்-ஐஓ டிரைவர் இல்லை. தான் உட்கார்ந்திருக்கும் வட்டையே அதனால் பார்க்க முடியவில்லை. விடிகாலை மூன்றரைக்குக் கண்டுபிடித்த வழியை இன்றுவரை எல்லா இடத்திலும் செய்கிறேன்:

வட்டை முதலில் விண்டோஸுக்குப் பழக்கமான சாட்டா இணைப்பு வகையாக மாட்டுங்கள். விண்டோஸ் மெதுவாக, ஆனால் கட்டாயம் எழுந்திரிக்கும். ஓடும்போதே 1 ஜிபிக்கு ஒரு பொய் வட்டை விர்ட்-ஐஓ ஸ்கஸியில் கூடுதலாக மாட்டுங்கள். விர்ட்-ஐஓ டிரைவர் உள்ள ஐஎஸ்ஓ கோப்பைக் குறுந்தட்டுபோல இணைத்து டிரைவரைப் போடுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்தக் குட்டி வட்டு கண்ணில் பட்டால் டிரைவர் ஏறிவிட்டது என்று அர்த்தம். இப்போது விஎம்மை நிறுத்தி, குட்டி வட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, பெரிய வட்டை ஸ்கஸிக்கு மாற்றுங்கள். மாற்றியதும் துவக்க வரிசையில் அந்த வட்டின் டிக் போயிருக்கும், அதைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

இயக்கினேன். லாகின் திரை வந்தது. கணக்குப் பிள்ளை எழுந்து போய் இன்னொரு டீ வாங்கிவந்து என் கையில் கொடுத்தார்.

மாற்றுவதற்கு முன் பழைய இடத்திலேயே செய்ய வேண்டியது எதுவும் உண்டா?

உண்டு. விஎம்முக்குள் போட்டிருக்கும் துணை மென்பொருளான விஎம்வேர் டூல்ஸை அங்கேயே அகற்றிவிடுங்கள்; இடம் மாறிய பிறகு அது சுலபத்தில் போகாது. பழைய ஸ்னாப்ஷாட்களை எல்லாம் ஒன்றாக்கிவிடுங்கள். விஎம் பயாஸ் என்ற பழைய துவக்க முறையில் துவங்குகிறதா, யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையிலா என்று பார்த்து, புதிய இடத்தில் அதையே கொடுங்கள். நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை (கார்டின் அடையாள எண்) குறித்து வைத்து அதே முகவரியைப் புதிய கார்டுக்கும் கொடுங்கள், சில மென்பொருள்களின் உரிமம் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். ஐபி முகவரியையும் எழுதி வையுங்கள். புதிய கார்டில் அதைப் போடும்போது "இது வேறொரு கார்டுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது" என்று விண்டோஸ் சொல்லும். பயப்பட வேண்டாம், அது காணாமல்போன பழைய கார்டு. டிவைஸ் மேனேஜரில் மறைந்திருப்பவற்றைக் காட்டச் சொல்லி நீக்கிவிடலாம்.

பழைய சர்வரை இரண்டு வாரமாவது அழிக்காமல் நிறுத்தி வையுங்கள்.

யூஎஸ்பி டாங்கிள் (மென்பொருள் உரிமத்துக்காகச் சொருகும் சாவி) இருக்கிறது. எடைமேடை மென்பொருளுக்கு அது இல்லாமல் ஆகாது.

விஎம்வேர், ப்ராக்ஸ்மாக்ஸ் இரண்டிலும் யூஎஸ்பியை விஎம்முக்குள் கடத்திவிட முடியும். ப்ராக்ஸ்மாக்ஸில் சாதனத்தின் அடையாள எண்ணைக் கொண்டும் கொடுக்கலாம், எந்தத் துளையில் சொருகியிருக்கிறது என்பதைக் கொண்டும் கொடுக்கலாம். ஒரே மாதிரி டாங்கிள் இரண்டு இருந்தால் துளையைக் கொண்டு கொடுங்கள், பக்கத்தில் லேபிள் ஒட்டிவிடுங்கள். பெருக்க வருபவர் கழற்றி வேறு துளையில் சொருகிவிட்டால் உங்களுக்குத்தான் போன் வரும்.

இரண்டு சர்வர் வாங்கிக் கிளஸ்டர் போட்டால் ஒன்று போனாலும் ஓடும்தானே?

ப்ராக்ஸ்மாக்ஸில் இரண்டு மட்டும் இருந்தால் சிக்கல். கிளஸ்டர் ஓட்டெடுப்பில் நடக்கிறது. இரண்டு ஓட்டில் ஒன்று போனால் மிச்சமிருப்பது பாதி, பெரும்பான்மை கிடையாது. உடனே அது அமைப்புகளை மாற்ற விடாமல் பூட்டிக்கொள்ளும். புதிதாக ஒரு விஎம்மை இயக்கக்கூட விடாது. மின்வெட்டுக்குப் பிறகு ஒரு சர்வர் மட்டும் எழுந்து, எந்த விஎம்மும் ஓடாமல் நிற்பதை நேரில் பார்த்தவர்களுக்கு இது புரியும். தீர்வு மலிவு: ராஸ்பெரி பை போன்ற குட்டிக் கணினியில் க்யூடிவைஸ் என்ற சேவையைப் போட்டு மூன்றாவது ஓட்டாகச் சேருங்கள். அந்தக் குட்டிக் கணினியையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள்.

இன்னொன்று, இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையைப் பயன்படுத்தினால், வட்டுகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் ரெய்டு கார்டுக்குப் பின்னால் வைக்காதீர்கள். வட்டுகளை அது நேரடியாகப் பார்க்க வேண்டும். வீட்டுக் கணினிக்கு விற்கும் மலிவு எஸ்எஸ்டி அங்கே தாங்காது. மின்சாரம் போனாலும் தரவைக் காக்கும் வசதி உள்ள சர்வர் வகை எஸ்எஸ்டிக்குக் கூடுதல் காசு கொடுங்கள். உரிமத்தில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு இதற்குப் போகட்டும்.

பேக்கப்?

ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் 2020-லிருந்து இருக்கிறது, அதுவும் திறந்த மூலம். மாறிய பகுதியை மட்டும் எடுக்கும், ஒரே மாதிரித் துண்டுகளை ஒரு முறைதான் சேமிக்கும். பத்து விண்டோஸ் விஎம்மின் முப்பது நாள் பேக்கப் ஆச்சரியப்படும் அளவுக்குச் சின்ன இடத்தில் அடங்கிவிடும். ஏற்கெனவே வீம் என்ற பேக்கப் மென்பொருளை வாங்கியிருப்பவர்களும் பயப்பட வேண்டாம், 2024-லிருந்து அது ப்ராக்ஸ்மாக்ஸையும் ஆதரிக்கிறது.

இலவச ஈஎஸ்எக்ஸ்ஐயை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: பேக்கப் மென்பொருள்கள் உள்ளே நுழையப் பயன்படுத்தும் வாசல் அந்தப் பதிப்பில் அடைபட்டிருக்கிறது. இதற்காகவே அலுவலக வேலைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

எந்த மென்பொருளாக இருந்தாலும் சரி, மாதம் ஒரு முறை ஒரு விஎம்மை வேறு பெயரில் மீட்டு, நெட்வொர்க்கைத் துண்டித்து, இயக்கிப் பாருங்கள். உள்ளே போய் நேற்றைய பில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

எது பாதுகாப்பானது? நிரல் எல்லோருக்கும் தெரிந்தால் திருடனுக்கும் தெரியுமே?

2015-ல் வெனம் என்ற ஓட்டை க்யூஎமுவில் கண்டுபிடிக்கப்பட்டது. யாருமே பயன்படுத்தாத ஃப்ளாப்பி வட்டின் நிரலில் பல ஆண்டுகள் ஒளிந்திருந்தது. திறந்து கிடந்தால் யாராவது பார்த்திருப்பார்கள் என்று சும்மா இருக்க முடியாது என்பதற்கு அது சாட்சி.

மறுபக்கம், 2023 பிப்ரவரியில் ஈஎஸ்எக்ஸ்ஐ-ஆர்க்ஸ் என்ற பணயத் தாக்குதல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான விஎம்வேர் சர்வர்களைப் பூட்டியது. அது நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு மருந்து 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. இரண்டு வருடமாகப் போடாமல் விட்டவர்கள், மேலாண்மை முகவரியை இணையத்தில் திறந்து வைத்தவர்கள், இவர்கள்தான் அடிபட்டார்கள். ப்ராக்ஸ்மாக்ஸின் மேலாண்மைத் திரைக்கான 8006 என்ற நெட்வொர்க் போர்ட்டையும் அப்படித் திறந்து வைக்காதீர்கள். வெளியிலிருந்து வேலை பார்க்க விபிஎன் (மறையாக்கிய தனி வழி) போடுங்கள்.

சந்தா கட்டாமல் ப்ராக்ஸ்மாக்ஸை அலுவலகத்தில் ஓட்டினால் தப்பா?

சட்டப்படி தப்பில்லை, வசதிகளும் குறையாது. நிறுவியதும் அப்டேட் பிழை காட்டும், ஏனென்றால் சந்தாதாரர்களுக்கான களஞ்சியம்தான் (அப்டேட்களை இறக்கும் இடம்) முதலில் இருக்கும். சந்தா இல்லாதவர்களுக்கான களஞ்சியத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். லாகின் செய்யும்போது சந்தா இல்லை என்று ஒரு பெட்டி வரும், மூடிவிட்டு வேலையைப் பார்க்கலாம். சந்தாக் களஞ்சியத்தில் வரும் அப்டேட்கள் கூடுதலாகச் சோதித்தவை.

ஆனாலும் நான் கட்டச் சொல்வேன். சந்தா செயலியின் எண்ணிக்கைக்குத்தான், கோருக்கு இல்லை. கீழ்நிலைச் சந்தா விஎம்வேர் செலவோடு ஒப்பிட்டால் பொருட்டே இல்லை. உங்கள் கணக்கு முழுக்க ஓடும் மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு அந்தக் காசு போய்ச் சேர வேண்டும்.

ராத்திரியில் சர்வர் விழுந்தால் யாரைக் கூப்பிடுவது?

ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவனத்தின் நேரடி ஆதரவு ஆஸ்திரிய வேலை நாட்களில், வேலை நேரத்தில்தான். 24 மணி நேரமும் வேண்டுமென்றால் உள்ளூரில் ஒரு கூட்டாளி நிறுவனத்தோடு தனி ஒப்பந்தம் போட வேண்டும். விஎம்வேரில் உரிய ஒப்பந்தம் இருந்தால் இரவிலும் ஆள் கிடைப்பார்கள், அதற்குத்தான் அந்த விலையில் ஒரு பங்கு.

உங்கள் அலுவலகத்தில் லினக்ஸ் கட்டளைத் திரையைப் பார்த்துப் பயப்படாத ஒருவராவது இருக்கிறாரா? இருந்தால் ப்ராக்ஸ்மாக்ஸ் போங்கள், தயங்க வேண்டாம். இல்லையென்றால், வெளியாள் ஒருவரை வருட ஒப்பந்தத்தில் பிடித்த பிறகு போங்கள். அவரிடம் கடவுச்சொற்களையும் நெட்வொர்க் வரைபடத்தையும் எழுதி வாங்கி அலுவலகப் பீரோவில் வையுங்கள். ஒருவர் தலைக்குள் மட்டும் இருக்கும் சர்வர், எந்த உரிமத்தில் ஓடினாலும் ஆபத்துதான்.

ஸென் என்று சொன்னீர்களே, அதைப் பற்றி?

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. அதன் மேல் கட்டிய எக்ஸ்சிபி-என்ஜி என்ற திறந்த மூலத் தொகுப்பு பிரான்சிலிருந்து வருகிறது, விசென்டர் பழகியவர்களுக்கு அதன் மேலாண்மைத் திரை பிடிக்கும். நல்ல பொருள். நம் பக்கம் தெரிந்த ஆட்கள் குறைவு என்பதால் மட்டுமே நான் அதிகம் போடவில்லை.

கல்லூரியில் படிக்கிறேன். எதைக் கற்றுக்கொண்டால் வேலை கிடைக்கும்?

பழைய மேசைக் கணினி ஒன்றில் 16 ஜிபி நினைவகம் போட்டு ப்ராக்ஸ்மாக்ஸை நிறுவுங்கள். உடைத்துப் பாருங்கள், திரும்பக் கட்டுங்கள். பெரிய நிறுவனங்களில் விஎம்வேர் இன்னும் நிறைய இருக்கிறது, அங்கிருந்து வெளியே வரும் வேலையும் நிறைய இருக்கிறது. இரண்டு பக்கமும் தெரிந்த ஆளுக்குத்தான் இப்போது தேடல் அதிகம்.

பழைய நிரந்தர உரிமம் கையில் இருக்கிறது. அப்படியே ஓட்டிக்கொண்டிருக்கலாமா?

உரிமம் செல்லும். யாரும் வந்து நிறுத்த முடியாது. பிரச்சினை அப்டேட்தான். ஈஎஸ்எக்ஸ்ஐயும் விசென்டரும் சேர்ந்த விஎம்வேர் தொகுப்பான விஸ்பியர் 7-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-ல் முடிந்துவிட்டது, 8-க்கு 2027 அக்டோபர் வரை. ஆதரவு ஒப்பந்தம் இல்லாமல் வழக்கமான திருத்தங்களை இறக்க முடியாது.

7-ல் இருப்பவர்கள் இந்த வாரமே மேலாண்மை நெட்வொர்க்கைத் தனியாகப் பிரித்து, பேக்கப்பை அந்த நெட்வொர்க்குக்கு வெளியே ஒரு பிரதி வையுங்கள். அப்புறம் ஒரு பழைய கணினியில் ப்ராக்ஸ்மாக்ஸைப் போட்டு, உங்களிடம் இருப்பதிலேயே முக்கியம் குறைந்த விஎம்மை, பிரிண்ட் சர்வரோ வருகைப் பதிவோ, முதலில் நகர்த்துங்கள். அது ஒரு மாதம் ஓடட்டும். கணக்கு சர்வரைக் கடைசியில், மார்ச் மாதக் கணக்கு முடிப்பெல்லாம் போன பிறகு, ஒரு நீண்ட விடுமுறையில் எடுங்கள்.